மொட்டை மாடியிலிருந்து 25 லட்சம் ஒளியாண்டு: வானம் பார்க்கத் தொடங்குவோருக்கு

"எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?" வானியலில் புதிதாக ஆர்வம் வந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஒரு பாய், ஒரு நோட்டு, சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர். தொடங்க இவ்வளவு போதும்.

கிட்டத்தில் இருப்பதில் தொடங்கித் தூரத்தில் இருப்பதை நோக்கிப் போவோம். நமக்கு அளவுகோல் ஒளி. அது விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. நிலவிலிருந்து நம் கண்ணுக்கு வர அதற்கு 1.3 விநாடி ஆகும். சூரியனிலிருந்து வர 8 நிமிடம் 20 விநாடி. வெறும் கண்ணுக்கு எளிதில் தெரிபவற்றில் மிகத் தூரமானது ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் பெருங்கூட்டம். அங்கிருந்து வர 25 லட்சம் ஆண்டுகள். எதைப் பார்த்தாலும் "இந்த ஒளி எப்போது கிளம்பியது" என்று நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். கோள், விண்மீன், கேலக்ஸி, பேரண்டம் என்று பாடப்புத்தகத்தில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வந்துவிடும் சொற்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் கிடக்கிறது என்பது எனக்கு அப்படி எழுத எழுதத்தான் பிடிபட்டது.

ஒரே இரவில் எல்லாம் தெரியாது. ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவிடும். மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலிருந்து சித்திரை வரை நமக்கு நல்ல காலம்.

முதல் படி: கண்ணைப் பழக்குவது

மொட்டை மாடியில் தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத ஒரு மூலையைப் பிடியுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நல்ல இடம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை மொபைலைப் பார்த்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நோட்டில் எழுத வெளிச்சம் வேண்டுமே என்றால், டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி இருட்டுப் பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது.

நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். பாயை விரித்துப் படுத்துவிடுங்கள். ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் வானம் நகர்வது தானாகவே தெரியவரும். ஒவ்வொரு விண்மீனும் நேற்றைவிட இன்று சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். மாதத்துக்கு 2 மணி நேரம். மார்கழியில் மாலை கிழக்கே எழும் விண்மீன்கள் சித்திரையில் மாலை மேற்கே சாய்ந்திருப்பது இதனால்தான்.

இரண்டாம் படி: கையால் அளப்பது

கையை முழுதாக நீட்டிப் பிடியுங்கள். சுண்டுவிரலின் அகலம் வானத்தில் சுமார் 1 பாகை. மூடிய கைமுட்டி 10 பாகை. விரித்த சாண் 20 பாகை. முழுநிலவு அரை பாகைதான். சுண்டுவிரலால் அதை மறைத்துவிடலாம். செய்து பாருங்கள், நிலவு இவ்வளவு சின்னதா என்று தோன்றும்.

வடக்கைக் கண்டுபிடிக்கத் துருவ விண்மீனைத் தேடுவது நம் ஊரில் கொஞ்சம் சிரமம். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அது தெரியும். சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் 8 பாகை. பக்கத்து வீட்டு மாடியே மறைத்துவிடும். பரவாயில்லை. வடக்கில் தாழ இருப்பதற்கு ஈடாகத் தெற்கில் நமக்கு நிறையக் கிடைக்கிறது, பின்னால் வருகிறேன்.

மூன்றாம் படி: நிலவும் காலண்டரும்

நிலவைப் பார்க்கப் பௌர்ணமிதான் சிறந்த நாள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அன்று சூரிய ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகத் தெரியும். மூன்றாம் பிறையிலிருந்து வளர்பிறை அஷ்டமி வரை பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் மலைகளும் பள்ளங்களும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். மூன்றாம் பிறையன்று பிறைக்கு மேலே மீதி வட்டமும் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். பூமியில் பட்ட சூரிய ஒளி நிலவுக்குப் போய், அங்கிருந்து திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது.

அடுத்தது, நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வானியல் கருவி. தினசரி காலண்டர் தாளில் "ரோகிணி மாலை 5.40 வரை" என்பது போல ஒரு வரி இருக்கும். அந்த நேரத்தில் நிலவு வானத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதற்கான முகவரி அது. நிலவு ஒரு சுற்று வர 27.3 நாள் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பாதையை 27 பங்காக்கி ஒவ்வொரு பங்குக்கும் ஒரு விண்மீனின் பெயரை வைத்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 13 பாகை, அதாவது கைமுட்டியைவிடக் கொஞ்சம் கூட.

இதைச் சோதிக்க ரோகிணி, மகம், சித்திரை ஆகிய மூன்று நாட்கள் வசதியானவை. மூன்றுமே பிரகாசமான விண்மீன்கள், நிலவின் பாதையை ஒட்டியே இருப்பவை. இருட்டிய பிறகும் காலண்டரில் ரோகிணி நடக்கும் ஒரு நாளில் வெளியே போய்ப் பாருங்கள். நிலவிலிருந்து ஏறக்குறைய ஒரு கைமுட்டி தூரத்துக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விண்மீன் இருக்கும். அதுதான் ரோகிணி, மேலைநாட்டார் ஆல்டெபரான் என்பது. சுவாதி, திருவோணம் போன்றவற்றை இப்படித் தேடாதீர்கள். அந்த விண்மீன்கள் நிலவின் பாதையிலிருந்து ஒன்றரைச் சாண் வடக்கே தள்ளி இருப்பதால் புதியவருக்குக் குழப்பம்தான் வரும்.

கார்த்திகை தீபத்தன்று முழுநிலவு அறுமீன் என்ற கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பண்டிகைக்குப் பெயர் வந்த வழியே அதுதான். நிலவொளியில் அறுமீன் மங்கிப் போகும், ஒரு பைனாகுலர் இருந்தால் பிடித்துவிடலாம். மாசி மகத்தில் மக விண்மீனையும், சித்ரா பௌர்ணமியில் சித்திரை விண்மீனையும் இதே போல நிலவின் அருகில் பார்க்கலாம். காலண்டரின் ராசிபலனை நான் நம்புவதில்லை. ஆனால் அதே தாளில் இருக்கும் நிலவின் இருப்பிடம் கணக்குப் போட்டு எழுதியது, நீங்களே வெளியே போய்ச் சரிபார்க்க முடிவது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான்காம் படி: கோள்கள்

சங்கத் தமிழில் நாள்மீன், கோள்மீன் என்று இரண்டு சொற்கள் உண்டு. நிலையான விண்மீன்கள் நாள்மீன். அவற்றுக்கிடையே இடம் மாறுபவை கோள்மீன். புதியவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வேறுபாடு இதுவேதான். இன்னொரு அடையாளமும் உண்டு. விண்மீன் மினுங்கும், கோள் பெரும்பாலும் மினுங்காது. விண்மீன் வெறும் புள்ளியாகத் தெரிவதால் காற்றின் சலனம் அதன் ஒளியை எளிதில் அலைக்கழிக்கிறது. கோள் சிறிய வட்டமாக இருப்பதால் அந்த ஆட்டம் சமனாகிவிடுகிறது.

வெள்ளியைத் தேடவே வேண்டாம், அது தானே வந்து நிற்கும். சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் அது விலகுவதில்லை. எனவே மாலையில் மேற்கே, அல்லது விடியலில் கிழக்கே. நடு இரவில் உச்சி வானத்தில் ஒருபோதும் இருக்காது. புதன் இன்னும் நெருக்கம், 28 பாகைக்குள். தொடுவானம் திறந்திருக்கும் கடற்கரையில்தான் அதைப் பிடிக்க முடியும். செவ்வாய் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கு நெருங்கி வந்து செக்கச்செவேலென்று ஒளிரும், மற்ற காலத்தில் சாதாரணச் செந்நிற விண்மீன் போலத்தான் இருக்கும்.

வியாழனுக்கும் சனிக்கும் மறுபடி நம் வீட்டு அறிவே உதவும். குரு ஒரு ராசியில் ஒரு வருடம், சனி இரண்டரை வருடம் என்பது பெயர்ச்சிச் செய்திகளால் எல்லோருக்கும் தெரியும். பஞ்சாங்கத்தின் கட்டத்தில் குரு எந்த ராசியில் இருக்கிறதோ ஏறக்குறைய அந்த விண்மீன் கூட்டத்தில்தான் வானத்திலும் வியாழன் தெரியும். ஆல்டெபரான் இருக்குமிடம் ரிஷபம், மகம் இருக்குமிடம் சிம்மம் என்று பிடித்துக்கொண்டால் மற்றவை அடுத்தடுத்து வரும்.

இந்த ஒன்றும் இரண்டரையும் இன்னும் தூரம் கூட்டிப் போகும். 12 ராசிக்கும் சேர்த்தால் வியாழன் சூரியனைச் சுற்ற 12 ஆண்டு, சனி 30 ஆண்டு. கெப்ளர் 1619-இல் வெளியிட்ட விதி ஒன்று: சுற்றும் காலத்தை (ஆண்டில்) அதே எண்ணால் பெருக்கினால் கிடைப்பதும், சூரியனிலிருந்து உள்ள தூரத்தை மூன்று முறை தன்னோடு பெருக்கினால் கிடைப்பதும் ஒன்றே. தூரத்தைப் பூமி-சூரியன் தூரமான 15 கோடி கிலோமீட்டரை 1 என்று வைத்து அளக்க வேண்டும். சனிக்கு 30 × 30 = 900. எந்த எண்ணை மூன்று முறை பெருக்கினால் 900 வரும்? மொபைல் கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள், 9.65. உண்மையான அளவு சுமார் 9.5. வியாழனுக்கு 144, விடை 5.24, உண்மை 5.2. சனிப்பெயர்ச்சி இரண்டரை வருடம் என்ற ஒரே தகவலிலிருந்து சனி எவ்வளவு தூரம் என்பதை சமையலறை மேசையில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டீர்கள். முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய் சனியைப் பார்த்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த மங்கலான மஞ்சள் புள்ளிக்கும் எனக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை அன்றுதான் உணர்ந்தேன். அங்கிருந்து ஒளி வர சுமார் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

வக்கிரம் என்று பஞ்சாங்கம் சொல்வதையும் நேரில் பார்க்கலாம். செவ்வாய் பிரகாசமாக இருக்கும் பருவத்தில் அதன் பக்கத்து விண்மீன்களோடு வாரம் ஒருமுறை நோட்டில் புள்ளி வையுங்கள். கிழக்கே போய்க்கொண்டிருந்தது நின்று, சில வாரம் மேற்கே திரும்பி, மறுபடி கிழக்கே போகும். உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி செவ்வாயை முந்திப் போகிறது. நாம் போகும் பஸ் இன்னொரு பஸ்ஸை முந்தும்போது அது பின்னால் போவது போலத் தெரிவதில்லையா, அதுதான். யுரேனஸையும் (1781) நெப்டியூனையும் (1846) தொலைநோக்கி வந்த பிறகே கண்டுபிடித்தார்கள். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: உங்கள் வயதுள்ள விண்மீன்

கோள்களைத் தாண்டியதும் நிமிடமும் மணியும் போதாது. ஒளி ஓர் ஆண்டில் ஓடும் தூரம் ஓர் ஒளியாண்டு, சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் பிராக்சிமா செண்டாரியே 4.24 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. அதன் கூட்டாளியான ஆல்ஃபா செண்டாரி தெரியும். வைகாசி, ஆனியில் மாலைக்குப் பின் தெற்கே, திரிசங்கு எனப்படும் தெற்குச் சிலுவை விண்மீன் கூட்டத்துக்கு இடதுபக்கம் இருக்கும் இரண்டு பிரகாசமான விண்மீன்களில் இடது ஓரத்தில் இருப்பது.

தை மாதம் இரவு 8 மணிக்குத் தொடங்குவதுதான் எளிது. கிழக்கே பார்த்தால் நல்ல உயரத்தில் ஒரே வரிசையாக மூன்று விண்மீன்கள், ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தின் இடுப்பு. இடப்பக்கம் சிவந்த திருவாதிரை, வலப்பக்கம் நீலவெண்மையான ரைஜல். இடுப்புக்கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் சிரியஸ், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன், 8.6 ஒளியாண்டு. எதிர்ப்பக்கம் நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் அறுமீன். இன்னும் சற்று நேரம் காத்திருந்து சிரியஸிலிருந்து நேர் தெற்கே ஏறக்குறைய இரண்டு சாண் இறங்குங்கள். அங்கே தனியாக நிற்பது அகத்திய விண்மீன். பிரகாசத்தில் இரண்டாவது. லண்டனில் இருப்பவர் இதை அங்கிருந்து பார்க்கவே முடியாது.

இப்போது உங்கள் வயதுக்கு ஏற்ற விண்மீனைத் தேடுங்கள். 17 வயதுப் பிள்ளைக்குத் திருவோணம். 25 என்றால் வேகா. புனர்பூசத்தின் இரண்டு விண்மீன்களில் போலக்ஸ் 34, காஸ்டர் 51. சுவாதி 37. ரோகிணி 65. தாத்தா பாட்டி 79-ஐ நெருங்கினால் மகம். நீங்கள் பிறந்தபோது அங்கிருந்து கிளம்பிய ஒளி இன்றுதான் வந்து சேருகிறது. வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு விண்மீன் கிடைத்துவிட்டால் மாடிக்கு வர யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்காது.

நிறங்களையும் கவனியுங்கள். விண்மீனின் நிறம் அதன் வெப்பத்தைச் சொல்கிறது. நீலவெண்மை மிகச் சூடு, சிவப்பு ஒப்பீட்டில் குளிர்ச்சி. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற வெளுப்பதைப் பார்த்திருந்தால் புரியும். திருவாதிரை தன் வாழ்வின் முடிவுக்கு வந்துவிட்ட சிவப்புப் பெருவிண்மீன். ஒருநாள் வெடிக்கும். அது நாளையா, ஒரு லட்சம் ஆண்டு கழித்தா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆறாம் படி: பைனாகுலர்

முதலில் செலவு செய்வதானால் இதற்குச் செய்யுங்கள். 7×50 அல்லது 10×50 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். இருட்டில் அகலம்தான் முக்கியம். 10 மடங்குக்கு மேல் வேண்டாம், கை நடுக்கத்தில் எதுவும் நிற்காது. முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை, குழந்தைகள் கூட இருந்தால் இருமுறை சொல்லுங்கள்: பைனாகுலரையோ தொலைநோக்கியையோ சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் பார்வை போய்விடும், வலிகூடத் தெரியாது. வெள்ளியைத் தேடுவதானால் சூரியன் முழுதாக மறைந்த பிறகு எடுங்கள்.

வியாழனைப் பாருங்கள். அசையாமல் பிடித்தால் அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு வரை சிறு புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அதே நான்கு நிலவுகள். அடுத்தடுத்த இரவுகளில் அவை எங்கெங்கே இருக்கின்றன என்று வரைந்துகொண்டே வாருங்கள். எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற நம்பிக்கையை உடைத்த குறிப்பு அது. உங்கள் கையெழுத்தில் அது மறுபடி உருவாகும்.

ஓரியனின் இடுப்புக்குக் கீழே தொங்கும் வாளின் நடுவில் பஞ்சு போல ஒரு மங்கல் இருக்கிறது. சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் இப்போதும் புது விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயுமேகம். மாமல்லபுரத்தில் பல்லவர்கள் பாறை குடைந்துகொண்டிருந்த நூற்றாண்டில் கிளம்பிய ஒளியைப் பார்க்கிறீர்கள். அறுமீன் கூட்டத்தில் கண்ணுக்கு ஆறோ ஏழோ தெரியும். பைனாகுலரில் எண்ணிப் பாருங்கள், சில டஜன் வரும்.

வைகாசியில் இரவு 9, 10 மணிக்கு இன்னொரு பொருள், தெற்கில் நமக்கு நிறையக் கிடைக்கிறது என்றேனே, அது. சித்திரை விண்மீன் தெற்கு உச்சிக்கு வரும் நேரத்தில் அதிலிருந்து நேர் கீழே ஏறக்குறைய இரண்டு சாண் இறங்குங்கள். ஒமேகா செண்டாரி என்ற உருண்டை விண்மீன் கொத்து அங்கே இருக்கிறது. சுமார் ஒரு கோடி விண்மீன்கள் நெருக்கி அடைத்த பந்து, 17,000 ஒளியாண்டு தூரம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. எங்கள் மாவட்டத்துக் கிராமத்து மாடி ஒன்றில் இதைப் பார்த்த பிறகுதான் நாம் இருக்கும் அட்சரேகைக்காக எனக்குப் பெருமை வந்தது.

ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்துக்கு இடம் தேர்ந்தெடுத்ததிலும் இந்தத் தெற்கு வானத்துக்குப் பங்கு உண்டு. 1986 முதல் அங்கே இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு, அந்த ஆய்வகம் உருவாகக் காரணமான வைணு பாப்புவின் பெயர். 1988-இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயரிட்டார்கள்.

ஏழாம் படி: பால்வீதி

இதற்கு ஊரை விட்டு வெளியே போக வேண்டும். சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களின் நடுவிலிருந்து பால்வீதி தெரியாது. சித்திரை மாதம் அமாவாசையை ஒட்டி, நகர வெளிச்சம் எட்டாத ஓர் ஊரில் விடியற்காலை 3 மணிக்கு எழுந்திருங்கள். தெற்கே உண்மையிலேயே தேள் போன்ற உருவம் தெரியும். நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை, கொடுக்கில் மூலம். அந்தக் கொடுக்குக்குச் சற்றுக் கிழக்கே பால்வீதி தடித்து வெளுத்திருக்கும். நம் கேலக்ஸியின் நடுப்பகுதி அந்தத் திசையில்தான், 26,000 ஒளியாண்டு தொலைவில்.

கேலக்ஸியைத் தமிழில் பேரடை என்றும் விண்மீன் மண்டலம் என்றும் எழுதுகிறார்கள். எந்தச் சொல்லானாலும் பொருள் ஒன்று: ஈர்ப்பால் கட்டுண்ட கோடானுகோடி விண்மீன்கள், வாயு, தூசி. நம்முடையது ஏறக்குறைய 1 லட்சம் ஒளியாண்டு அகலமான தட்டு. அதில் 10,000 கோடியிலிருந்து 40,000 கோடி விண்மீன்கள் வரை இருக்கலாம். தட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அதன் விளிம்பு நோக்கிப் பார்ப்பதால்தான் அது நமக்கு ஒரு பட்டையாகத் தெரிகிறது. பட்டையின் நடுவே ஓடும் கருங்கோடுகள் வெற்றிடம் கிடையாது, பின்னால் இருக்கும் ஒளியை மறைக்கும் தூசி. மையத்தில் 40 லட்சம் சூரியன்களின் எடைகொண்ட கருந்துளை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி ஓடும் விண்மீன்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ராய்ன்ஹார்ட் கென்ஸெல், ஆண்ட்ரியா கெஸ் இருவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை வெறும் கண்ணால் பார்த்த விண்மீன்கள் அத்தனையும் இந்த ஒரே கேலக்ஸியைச் சேர்ந்தவை. அதுவும் நமக்கு அருகிலிருக்கும் சிறு பகுதியில் இருப்பவை.

எட்டாம் படி: ஆண்ட்ரோமெடா

மார்கழி, தை மாதங்களில் நிலவில்லாத இரவு, 7 மணியிலிருந்து. நகரத்தில் இருந்தால் பைனாகுலர் வேண்டும், நல்ல இருட்டான இடத்தில் கண்ணே போதும். முதலில் உச்சிக்குச் சற்று மேற்கே ஒரு பெரிய சதுரத்தைத் தேடுங்கள், ஒவ்வொரு பக்கமும் முக்கால் சாண் நீளம். பூரட்டாதி, உத்திரட்டாதி என்று நாம் சொல்வது இந்தச் சதுரத்தின் நான்கு மூலைகளைத்தான். உள்ளே ஏறக்குறைய காலியாக இருப்பதே அடையாளம்.

சதுரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து இன்னும் வடகிழக்கே ஒன்றரைக் கைமுட்டி போனால் அதே அளவு பிரகாசமான இன்னொரு விண்மீன், மிராக். அங்கே நின்று வடமேற்கே திரும்புங்கள். சுமார் அரைக் கைமுட்டியில் ஒரு மங்கலான விண்மீன். அதே திசையில் இன்னும் அவ்வளவு தூரம் போனால் ஒரு நீள்வட்டப் புகை போல ஏதோ இருக்கும். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துப் பாருங்கள், விழித்திரையின் ஓரப் பகுதி மங்கலான ஒளியை நன்றாகப் பிடிக்கும். முதல் இரவே கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். எனக்கு நான்காவது இரவில்தான் கிடைத்தது.

அந்தப் புகைதான் இன்னொரு முழு கேலக்ஸி. பாரசீக வானியலாளர் அல் சூஃபி 964-லேயே அதை ஒரு சிறு மேகம் என்று குறித்திருக்கிறார். நம் கேலக்ஸிக்கு உள்ளே இருக்கும் மேகமா, வெளியே இருக்கும் தனி உலகமா என்று 1920-இல்கூட வானியலாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தீர்க்க வழி தந்தவர் ஹென்ரியட்டா லீவிட். ஒளி கூடிக் குறையும் ஒருவகை விண்மீன்களில், துடிப்பு எவ்வளவு மெதுவோ அவ்வளவு உண்மையான பிரகாசம் அதிகம் என்று 1912-இல் அவர் காட்டினார். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதிலிருந்து தூரம் கிடைத்துவிடும். எட்வின் ஹபிள் 1923-இல் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் அப்படி ஒரு விண்மீனை ஆண்ட்ரோமெடாவுக்குள் கண்டார். அவர் போட்ட தூரம் உண்மையில் பாதிகூட இல்லை, சுமார் 9 லட்சம் ஒளியாண்டுதான். ஆனாலும் நம் கேலக்ஸிக்கு வெளியே என்பது உறுதியாகிவிட்டது. ஒரே விண்மீனைக் கொண்டு பேரண்டத்தின் அளவே மாறிய இந்தக் கதையில் லீவிட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லாமல் என்னால் யாருக்கும் ஆண்ட்ரோமெடாவைக் காட்ட முடிவதில்லை.

ஒன்பதாம் படி: கண் போகாத இடம்

இதற்கு மேல் கருவிகள் பார்த்ததை நாம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தூரத்து கேலக்ஸிகள் எல்லாம் நம்மைவிட்டு விலகுகின்றன, எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகமாக, என்று ஹபிள் 1929-இல் காட்டினார். அரைக்காத நாலைந்து வெந்தயம் கிடக்கும் இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் மாவு பொங்கும்போது வெந்தயம் தானாக நகர்வதில்லை, நடுவில் இருக்கும் மாவு விரிகிறது. எந்த வெந்தயத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றவை விலகுவதாகத் தெரியும், தூரத்தில் இருப்பது அதிகம் விலகும். இந்த உவமையில் ஒரு குறை உண்டு. பாத்திரத்துக்கு விளிம்பு இருக்கிறது. பேரண்டத்துக்கு அப்படி ஒரு விளிம்போ நடுவோ இருப்பதாகத் தெரியவில்லை.

விரிவதைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் நெருங்கிக் கொதித்த ஒரு தொடக்கம் வருகிறது, 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்தச் சூட்டின் மிச்சத்தை 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸும் வில்சனும் தற்செயலாகப் பிடித்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் ஆண்டெனாவில் ஓர் இரைச்சல். புறா எச்சம் காரணமோ என்று அதைச் சுத்தம்கூடச் செய்து பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. பழைய ஆண்டெனா டிவியில் நிலையம் இல்லாத இடத்தில் கொட்டுமே புள்ளி மழை, அதிலும் ஒரு சிறு பங்கு இதுதான்.

சரி, நாம் பார்க்கும் விண்மீன், வாயு, தூசி, நம் உடம்பு எல்லாம் சேர்ந்து பேரண்டத்தில் எவ்வளவு? சுமார் 5 சதவீதம். 27 சதவீதம் கரும்பொருள், 68 சதவீதம் கரும் ஆற்றல். அவை என்னவென்று இன்னும் யாருக்கும் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள், அவர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

கடைசிப் படி: தொலைநோக்கி

ஒரு வருடம் இப்படிப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் இப்போது வாங்கலாம். பெட்டியில் "525 மடங்கு" என்று பெரிதாகப் போட்டிருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். சிறுவயதில் பொருட்காட்சிக் கடை ஒன்றில் அப்படி ஒன்று எனக்கு வாங்கித் தந்தார்கள். தாங்கி ஆடியதில் நிலவுகூட நிற்கவில்லை, இரண்டு வருடம் வானம் பக்கமே நான் போகவில்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கண்ணாடியின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு 50 மடங்குதான் பயன்படும் உச்சம். அதற்கு மேல் பெரிதாகும், தெளிவாகாது. 5 அல்லது 6 அங்குல டாப்சோனியன் வகை புதியவருக்கு ஏற்றது. ஆடாமல் தரையில் உட்கார்ந்திருக்கும், கையால் தள்ளித் திருப்பலாம்.

முதல் இரவு வளர்பிறை நிலவு. அதற்கு அடுத்து சனி. 30 மடங்கிலேயே வளையம் தெரியத் தொடங்கும். 2025-இல் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி மெல்லிய கோடாக இருந்தது; 2032 வாக்கில் நன்றாக விரிந்து தெரியும் வரை ஆண்டுக்காண்டு திறந்துகொண்டே போகும். பூமி சுழல்வதால் அதிகப் பெருக்கத்தில் சனி ஒரு நிமிடத்துக்குள் பார்வை வட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போய்விடும். எனவே அடுத்தவரைக் கூப்பிடுவதற்கு முன் அது உள்ளே நுழையும் ஓரத்தில் வைத்துவிட்டு விலகுங்கள். அவர் குனிந்து கண்ணை வைக்கும்போது சனி நடுவில் வந்து நிற்கும்.